இயங்குபடத்தில் தமிழெழுத்து: பழுதறியும் முறை பற்றிய சில குறிப்புக்கள்

திரைப்படத் தலைப்பு, தொலைக்காட்சிச் செய்தி, விளக்கப்படம் ஆகியவற்றில் எழுத்தை அசைத்துக் காட்டுதற்கு உதவும் மென்பொருள்களுள் ஆப்ரர் எபெக்ற்ஸ் பெருவழக்குடையது. 1993 ஆம் ஆண்டில் வெளிவந்த இது, அடுத்த ஆண்டில் அடோபி நிறுவனத்தின் உடைமையாயிற்று. இலத்தீன் எழுத்தை மனத்திற்கொண்டு ஆக்கப்பெற்ற இத்தகைய கருவியிலே தமிழை இடும்போது, கொம்பு ஓரிடத்தும் மெய் ஓரிடத்துமாகச் சிதறுவதைப் பலரும் கண்டிருப்பர். மென்பொருளுக்குத் தமிழ் தெரியாதெனக் கூறி அமைவோரும் உளர். அக்கூற்று முற்றும் பொய்யெனல் இயலாது. ஆயினும் பழுதை நீக்குதற்கு அது சிறிதும் உதவுவதில்லை. பழுது எப்படியிலே தோன்றிற்று என்பதே முதற்கண் அறியத்தக்கது.

எழுத்தொன்று திரையை அடையுமுன் நான்கு படிகளைக் கடக்கின்றது. முதலிற் குறியெண்ணாகச் சேமிக்கப்படுகின்றது; பின் எழுத்துருவின் வடிவங்களைக்கொண்டு கோக்கப்படுகின்றது; அதன்பின் அசைவு பெறுகின்றது; இறுதியிற் சட்டகம் சட்டகமாகப் படமாக்கப்படுகின்றது. இவ்விறுதிச் செயலையே தொழிலோர் றெண்டர் செய்தல் என்பர்.

நம் இலக்கணத்தார் எழுத்து எனக் கொண்டதும் கணனி எழுத்து எனக் கொள்வதும் வெவ்வேறாம். நமக்கு ‘கோ’ என்பது 247 எழுத்துக்களுள் ஒன்று. 1991 இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்த ஒருங்குறியில், அது ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியெண்களாம். சில வேளைகளில் ஏகாரக் குறியும் காலும் தனித்தனியே அமைய அது மூன்றாதலும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, எண்ணிக்கையில் வேறாம். எழுத்துருவோ அதனைக் கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்களால் வரைகின்றது. சேமிப்பிலே ககரத்தின் பின் நிற்கும் குறியின் ஒரு பாதி, வரையும்போது அதன் முன் வருதல் வேண்டும். இம்மாற்றத்தைச் செய்வது கோவைப்பொறியாகும். இலத்தீனுக்குரிய பொறி அதனைச் செய்வதில்லை. ஆதலின் குறியானது புள்ளிவட்டத்துடன் தனித்து நிற்கின்றது.

இதனைச் சோதித்தல் எளிது. அதே சொல்லைச் சாதாரண எழுத்துச் செயலியொன்றில் ஒட்டிப் பார்த்தல் வேண்டும். ஆங்குச் செம்மையாகத் தோன்றின் சேமிப்பிற் பழுதில்லை. பின்னர் மென்பொருளின் விருப்பத்தெரிவுகளில் எழுத்து பற்றிய பகுதியை நாடி, தென்னாசிய, மத்திய கிழக்கு எழுத்துக்களுக்குரிய பொறியைத் தெரிந்து, புதிதாக ஓர் எழுத்தடுக்கை உண்டாக்கிப் பார்க்கலாம். பதிப்புக்குப் பதிப்பு இத்தெரிவின் இடமும் பெயரும் மாறக்கூடும். அதன்பின்னும் சிதைவு நீங்காதாயின் எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதே முறை.

கோவை சரியான பின்னரும் அசைவிலே பழுது தோன்றலாம். தட்டச்சிடுவதுபோல் ஒவ்வோர் எழுத்தாக வெளிப்படுத்தும் உத்தியை எடுத்துக்கொள்வோம். குறியெண்ணை அலகாகக் கொண்டு எண்ணும் சூத்திரம் ‘பெண்’ என்ற சொல்லை ப, பெ, பெண, பெண் என நான்கு நிலைகளிற் காட்டும். புள்ளி பெறாத ‘பெண’ என்னும் பொருளற்ற வடிவம் கணநேரம் திரையில் நிற்கின்றது. கொம்பு வந்து புகும்போது பகரம் வலப்புறம் துள்ளுகின்றது. மெய்யையும் அதனைத் தொடரும் குறி அல்லது புள்ளியையும் ஒரே அலகாக எண்ணுமாறு சூத்திரத்தைத் திருத்துதல் வேண்டும். க்ஷ, ஸ்ரீ ஆகியன இவ்விதிக்கும் அடங்காவாதலின் அவற்றைத் தனியே குறித்தல் தகும். அவகாசம் இல்லாதவிடத்துச் சொல்லையே அசைவின் அலகாகக் கொள்வது சாலும்.

ஈழத்திற் பலர் கையாளும் வழி வேறு. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் கொம்பு, ககரம், கால் என்னும் மூன்றையும் தோன்றும் வரிசையிலேயே தட்டச்சிடலாமாதலின் எப்பொறியிலும் உரு சிதைவதில்லை. எனினும் ஆங்குச் சேமிக்கப்படுவது இலத்தீன் எழுத்துக்களே. எழுத்துரு இல்லாத கணனியிற் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துவரிசையே எஞ்சும். வேறு சிலர் சொல்லைப் படமாக்கி ஒட்டுவர். அவசரத்துக்கு இவை கைகொடுக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய பெயரிலே றகர ரகர மயக்கம் நேர்ந்துவிடின், படத்தினுள்ளே தேடித் திருத்துதற்கு எழுத்தென ஒன்று இல்லை. பிழை ஒளிபரப்பாகிப் பழி மெய்ப்புப் பார்த்தவர்மேல் விழுகின்றது. இதனாலேயே ஒருங்குறியிற் சேமித்தலை நாம் வற்புறுத்துகின்றோம்.

இனி, படமாக்கலில் எழும் பழுதுகளை நோக்குவோம். முன்னோட்டத்தில் எழுத்தின் விளிம்பு பற்கள்போல் தெரியின், முன்னோட்டம் அரைத் தெளிவிலோ காற்றெளிவிலோ ஓடுகின்றதா எனப் பார்த்தபின்னரே கவலை கொள்ளலாம். திருத்தியும் பழைய உருவே தோன்றின், தற்காலிக நினைவகத்திற் சேர்ந்துள்ள சட்டகங்களை நீக்குதல் வேண்டும். வெண்ணிற எழுத்தைச் சுற்றிக் கருநிற விளிம்பு காணப்படுவதற்குக் காரணம் வேறு. அரைகுறையாக ஒளிபுகும் விளிம்புப் புள்ளிகளின் நிறம் ஏற்கெனவே கறுப்புப் பின்னணியோடு கலந்து சேமிக்கப்பட்டிருக்க, கலவாத நிறமெனக் கருவி அதனை வாசிக்கின்றது. அக்கோப்பு எவ்வாறு வாசிக்கப்படல் வேண்டும் என்ற தெரிவை மாற்றினால் விளிம்பு மறையும்.

ஓடும் எழுத்தின் நடுக்கத்தைக் கணக்கினால் அறியலாம். செக்கனுக்கு 25 சட்டகங்கள் கொண்ட படத்தில், 1920 புள்ளி அகலத்தை ஒரு சொல் சட்டகத்துக்கு 8 புள்ளியாகக் கடப்பின் 240 சட்டகங்கள், அஃதாவது 9.6 செக்கன் செல்லும். வேகம் 7.3 புள்ளியாயின், மெல்லிய கோடுகள் சட்டகந்தோறும் புள்ளியின் வெவ்வேறு பின்னத்தில் விழுந்து மினுங்கும். மெய்யின் தலைப்புள்ளியும் னகர ணகரச் சுழிகளுமே இதனால் முதலில் நலிவன. ஆதலின் முழு எண் வேகத்தையும் சற்றுத் தடித்த எழுத்துருவையும் தெரிதல் நன்று.

பல கணனிகளிற் பங்கிட்டுப் படமாக்குமிடத்து, ஒன்றில் மட்டும் எழுத்துரு நிறுவப்படாதிருப்பின், இடையிடையே சில சட்டகங்கள் வேற்றுருவில் வந்து சேரும். முழுப்படத்தையும் ஒரே கோப்பாக்காது தனித்தனிப் படவரிசையாக வெளியிட்டால், பழுதுற்ற சட்டகங்களை எண்ணால் இனங்கண்டு அவற்றை மட்டும் மீளப் படமாக்கலாம்.