மென்பொருள் ஆக்கத்தில் திட்டமும் அளவும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. பெரும் பணத்தையும் பல்லாண்டுக் காலத்தையும் விழுங்கும் கணினி வேலைகளுக்கு இப்பழமொழி மிக நன்கு பொருந்தும். கொத்தன் எழுப்பிய சுவரைக் கண்ணாற் காணலாம். தச்சன் இழைத்த பலகையைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். மென்பொருளோ கண்ணுக்குப் புலனாகாதது. அது பாதி முடிந்ததா, முக்காற் பங்கு முடிந்ததா என்பதை, ஆக்குவோர் சொல்லும் சொல்லைக் கொண்டே மற்றவர் அறிதல் வேண்டும். ஆகவே ஒரு குழு தன் வேலையை எவ்வாறு திட்டமிடுகின்றது, எவ்வாறு அளக்கின்றது என்பதை ஆராய்ந்து மதிப்பிடுதல் இத்துறையில் இன்றியமையாததாயிற்று.

முன்னாளில் இருந்த வழக்கம் யாதெனில், வேண்டுவன அனைத்தையும் தொடக்கத்திலேயே எழுதி முடித்து, அவ்வெழுத்தின்படி ஆண்டுக்கணக்காக உழைத்து, இறுதியில் முழுப் பொருளையும் ஒருங்கே ஒப்படைப்பதாகும். இடையிலே நேர்ந்த பிழை இறுதியிலேதான் வெளிப்படும். இக்குறையை நீக்க எழுந்தனவே 'அஜைல்' எனப்படும் முறைகள். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலே 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி இம்முறைகளுக்குப் பொதுவான கொள்கைகளை ஓர் அறிக்கையாக வெளியிட்டனர். முன்னேற்றத்தின் தலையாய அளவுகோல் இயங்குகின்ற மென்பொருளே என்பது அக்கொள்கைகளுள் ஒன்று.

இம்முறை நடைபெறும் விதம் எளியது. வேண்டுவன யாவும் சிறு சிறு தேவைகளாகப் பிரிக்கப்பட்டு ஒரு பட்டியலிலே இடப்படும். பயன்படுத்துவோரின் நோக்கிலே எழுதப்படுவதால் ஒவ்வொன்றும் 'கதை' என்று வழங்கும். 'அதிகாரி தாம் எழுதிய அறிக்கையை மேலதிகாரியின் ஒப்புதலுக்கு அனுப்புதல்' என்பது போல்வது ஒரு கதை. ஒவ்வொரு கதைக்கும் அதன் பருமனுக்கு ஏற்பக் குழுவினர் புள்ளி இடுவர். இரண்டு வாரம் போன்ற ஒரு குறுந்தவணையிலே எத்தனை புள்ளிக்குரிய வேலை உண்மையில் முடிந்தது என்று பார்ப்பர். இத்தவணைக்கு 'ஸ்பிரின்ற்' என்று பெயர். அதில் முடிந்த புள்ளித்தொகை குழுவின் 'வேகம்' எனப்படும். எஞ்சியுள்ளவை 600 புள்ளிகள், வேகம் 50 புள்ளி என்றால், இன்னும் 12 தவணை, அதாவது 24 வாரம் வேண்டும் என்பது எளிய வகுத்தற் கணக்கே.

இக்கணக்கின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே காட்டுவது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எனப்படும் புலனாய்வுப் பணியகத்தின் அனுபவமாகும். வழக்குக் கோவைகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்ற அப்பணியகம் மேற்கொண்ட முதலாவது முயற்சி, ஏறத்தாழ 17 கோடி டொலர் செலவானபின் 2005இலே கைவிடப்பட்டது. 2006இல் 'சென்றினல்' என்னும் புதிய திட்டம் தொடங்கிற்று. நான்கு கட்டங்களாக 2009 இறுதிக்குள் அது நிறைவேறும் என்று எண்ணினர். ஆனால் 2010 ஓகஸ்ட் வரையில், ஒதுக்கிய 45 கோடி 10 இலட்சம் டொலரில் 40 கோடி 50 இலட்சம் செலவாகிவிட்டது. கைக்கு வந்தவையோ இரண்டு கட்டங்கள் மாத்திரமே. பணத்தின் பெரும்பங்கு தீர்ந்தது. வேலையின் பாதி எஞ்சியது. அதுவரையும் புலனாய்வாளர் பழைய முறையையே நம்பி உழைக்க வேண்டியிருந்தது.

இந்நிலையிலே பணியகம் பொறுப்பைத் தானே ஏற்று, அஜைல் முறைக்கு மாறிற்று. எஞ்சிய வேலை 670 கதைகளாக வகுக்கப்பட்டது. இரண்டு வாரத் தவணைகளிலே உழைத்து 2011 செப்ரெம்பரில் முடிப்பது என்று திட்டமிட்டனர். அந்நாளில் அது முடியவில்லை. ஆயினும் முன்னைய தோல்விக்கும் இத்தாமதத்துக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. தவணைதோறும் முடிந்தது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்ற கணக்கு வெளியாக இருந்தது. மேற்பார்வை செய்த நீதித் திணைக்களத் தலைமைப் பரிசோதகரின் அலுவலகம் அக்கணக்கையே ஆதாரமாகக் கொண்டு காலக்கெடு தவறும் என்பதைச் சுட்டிக்காட்ட முடிந்தது. ஆண்டுகள் கழித்து அறியவேண்டிய செய்தி சில மாதங்களிலே தெரியவந்தது. இதுவே அளவின் வலிமை.

அதன் வரம்பும் விரைவில் வெளிப்பட்டது. 2011 ஒக்ரோபரில் பல நூறு ஊழியர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். சில மணி நேரத்துக்குள் சென்றினல் இருமுறை நின்றுபோயிற்று. அத்தனை பேரைத் தாங்கும் ஆற்றல் அதன் கணினிச் சாதனங்களுக்கு இல்லை என்பது தெரிந்தது. தனித்தனிக் கதைகள் முடிந்தன என்று பட்டியல் சொல்லியது. அனைத்தும் சேர்ந்து அலுவலகத்திலே இயங்குமா என்பதைப் பட்டியல் சொல்லவில்லை. சாதனங்கள் மாற்றப்பட்டு, 2012 யூலையில் சென்றினல் ஊழியர் அனைவருக்கும் வழங்கப்பட்டது.

ஆகவே ஒரு குழுவை மதிப்பிட விரும்புவோர் நான்கு கேள்விகளைக் கேட்டல் நன்று.

முதலாவது, 'முடிந்தது' என்பதற்குக் குழுவினர் அனைவரும் ஏற்ற வரைவிலக்கணம் உண்டா? எழுதியவர் முடிந்தது என்பதும், சோதித்தவர் முடிந்தது என்பதும், பயன்படுத்துவோர் முடிந்தது என்பதும் ஒன்றல்ல. இது தெளிவாகாத இடத்திலே புள்ளிகள் வெறும் எண்களே.

இரண்டாவது, மதிப்பீடு எவ்வாறு பிறக்கின்றது? 2002இலே ஜேம்ஸ் கிரெனிங் என்பவர் ஒரு சீட்டு முறையை விவரித்தார். குழுவினர் ஒவ்வொருவரும் தாம் கருதும் புள்ளியைச் சீட்டிலே தெரிந்துகொண்டு, எல்லோரும் ஒரே வேளையிற் காட்டுவர். மூத்தவர் சொல்லுக்கு இளையவர் தலையசைக்கும் வழக்கம் இதனால் தடைப்படும். ஒருவர் 2 என்றும் மற்றவர் 8 என்றும் காட்டினால், அவ்விருவரும் விளக்கம் கூறுவர். மறைந்திருந்த இடையூறு அவ்வுரையாடலிலே வெளிவரும். எண்ணைவிட அவ்வுரையாடலே பெரும்பயன் உடையது.

மூன்றாவது, சான்று மாறும்போது திட்டமும் மாறுகின்றதா? பல தவணைகளில் வாக்களித்ததையும் முடித்ததையும் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். தவணைதோறும் குறைந்தும், இறுதி நாள் மாத்திரம் அசையாது நின்றால், அத்திட்டம் உண்மையைப் பேசவில்லை என்பது தெளிவு.

நான்காவது, அந்த எண் வழிகாட்டும் விளக்கா, அடிக்கும் சாட்டையா? ஓர் அளவே இலக்காக மாறும்போது அது நல்ல அளவாக இருப்பதை இழக்கின்றது என்னும் கருத்து, சாள்ஸ் குட்ஹார்ட் என்ற பிரித்தானியப் பொருளியலறிஞரின் 1975ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வளர்ந்ததாகும். வேகத்தைக் கூட்டுக என்று மேலதிகாரி நெருக்கினால், முன்பு 3 புள்ளி பெற்ற வேலை 5 புள்ளி பெறும். ஏட்டிலே வேகம் உயரும். வேலை இருந்த இடத்திலேயே இருக்கும். இரு குழுக்களின் புள்ளிகளை ஒப்பிடுதலும் தகாது. வெவ்வேறு அளவான கொத்துகளால் அளந்த அரிசியை எண்ணிக்கை கொண்டு ஒப்பிடுவது போன்றதே அது. தாமதத்தை உரைத்தவன் தண்டனை பெறும் இடத்திலே அடுத்த முறை எவனும் தாமதத்தை உரையான்.

சென்றினலின் கதை 2012உடன் முடியவில்லை. 2014இல் வெளிவந்த பரிசோதகரின் அறிக்கை, அது பணியகத்தின் வேலைக்கு நன்மை செய்ததை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அதன் தேடும் வசதியைப் பயன்படுத்தியோருள், தேடியது அடிக்கடி கிடைத்தது என்று கூறியோர் நூற்றுக்கு 42 பேரே. அஃதாவது, பட்டியல் முழுவதும் தீர்ந்த பின்னரும் பயன்படுத்துவோரின் குறை தீரவில்லை. திட்டமிடுதலும் வேண்டும், அளத்தலும் வேண்டும். ஆனால் கோவையைத் தேடி அமர்ந்திருக்கும் ஊழியருக்கு அக்கோவை கிடைத்ததா என்பதே எல்லா அளவுகளையும் அளக்கும் அளவாகும்.