முடிவுறா எண்

வண்டிச் சக்கரமாயினும் கிணற்றின் வாயாயினும், வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் மதிப்பு ஒன்றே. இம்மாறிலியைக் கணித அறிஞர்கள் 'பை' என்னும் கிரேக்க எழுத்தால் குறிப்பர்.

அன்றாடப் பயன்பாட்டிற்கு இதன் தோராய மதிப்பே போதுமானது. திண்டுக்கல் சமவெளியில் 7 மீட்டர் விட்டமுடைய வட்டக் கிணற்றுக்குச் சுவர் எழுப்புவதாகக் கொள்வோம். பையை 3 எனக் கொண்டால் சுற்றளவு 21 மீட்டராகும். சுவரில் ஏறத்தாழ ஒரு மீட்டர் குறைந்துவிடும். 22/7 எனக் கொண்டால் 22 மீட்டராகும். இது உண்மை அளவினும் ஒரு சென்டிமீட்டர்கூட மிகுதியன்று. கொத்தனாரின் பூச்சில் அவ்வேறுபாடு மறைந்துவிடும். அவ்வாறாயின், அறிஞர்கள் மேலும் மேலும் இலக்கங்களைத் தேடியது ஏன்?

22/7 என்பது பைக்கு அண்மையிலுள்ள எண்ணேயன்றிப் பை அன்று. ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் ஆரியபட்டர் 3.1416 என்னும் மதிப்பைத் தந்தபோதே, அதனை அண்மை மதிப்பு என்றுதான் குறித்தார். பை ஒரு விகிதமுறா எண் என்பதை 18ஆம் நூற்றாண்டில் லாம்பர்ட் மெய்ப்பித்தார். எந்தப் பின்னத்தாலும் அதனை முழுமையாக எழுத இயலாது. அதன் தசம இலக்கங்கள் முடிவதுமில்லை, ஒரே வரிசையில் மீள்வதுமில்லை. முழுதும் கைக்கு எட்டாத இத்தன்மையே அறிஞர்களை ஈர்த்தது.

அவ்வாறு ஈர்க்கப்பட்டோருள் ஒருவர், ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய அவர் 1914இல் இங்கிலாந்து சென்றார். அவ்வாண்டு வெளிவந்த கட்டுரையில், பையின் மதிப்பைக் காண உதவும் 17 தொடர்களை அளித்தார். அவற்றுள் ஒன்றின் முதல் உறுப்பே ஆறு தசம இடங்கள் வரை சரியான மதிப்பைத் தரும். அடுத்து வரும் ஒவ்வோர் உறுப்பும் ஏறத்தாழ எட்டு இலக்கங்களைக் கூட்டும். எனினும், அத்தொடருக்கு முழுமையான நிறுவலை அவர் அளிக்கவில்லை.

1985இல் கணிப்பொறி அறிஞர் பில் காஸ்பர் அத்தொடரைக் கொண்டு 1.7 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கண்டார். வேறு முறைகளில் பிறர் கண்ட இலக்கங்களோடு அவை பொருந்தின. அப்போதும் அத்தொடர் நிறுவப்படாமலே இருந்தது! பின்னரே போர்வெய்ன் சகோதரர்கள் அதனை முறைப்படி நிறுவினர். விடைகள் கோடி இடங்களில் பொருந்தினாலும் கணிதத்தில் அது சான்றாகாது, நிறுவலே சான்றாகும்.

கிணறு கட்டுவதற்கு வேண்டாத அத்துல்லியத்தை இராமானுஜன் தேடியது உண்மையின் மீதுள்ள வேட்கையால்தான். நீங்களும் 2206ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கி, வரும் எண்ணால் 9801ஐ வகுத்துப் பாருங்கள். இராமானுஜன் தந்த தொடரின் முதற்படியை உங்கள் கணக்கேட்டிலேயே காண்பீர்கள்.