பல்வேரின் மறைந்த வழிகள்

வேர் சிகிச்சை செய்துகொண்ட பின்னரும் பல்வலி திரும்பிவிட்டது என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். எப்போதும் அது மருத்துவரின் கவனக்குறைவு அன்று. பல்லின் உள்ளமைப்பே அவரை ஏமாற்றியிருக்கக் கூடும்.

பல்லின் நடுவே நரம்புகளும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழ் இருக்கிறது. அது நுண்ணிய குழல்களின் வழியே வேர்நுனி வரையில் இறங்குகிறது. சொத்தை ஆழமாகிக் கிருமிகள் அங்கே புகுந்தால் கூழ் அழுகுகிறது. அதை அகற்றி, குழல்களைத் தூய்மை செய்து, மலாய் நாட்டு மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சாவைக் கொண்டு அடைப்பதே வேர் சிகிச்சை. ஒரு குழல் விடுபட்டாலும், அதில் தங்கிய கிருமிகள் வேர்நுனியைச் சூழ்ந்த எலும்பை அரிக்கும். முடிவில் பல்லையே பிடுங்க நேரலாம்.

ஆனால் குழல்கள் எத்தனை? ஸூரிச் நகரத்து வால்டர் ஹெஸ் என்பார் சுமார் 2,800 பற்களை ஆராய்ந்து 1917-இல் விடை கூறினார். பற்களுக்குள் ரப்பரைச் செலுத்திக் கெட்டியாக்கிய பின், பல்லை அமிலத்தில் கரைத்துவிட்டார். எஞ்சிய ரப்பர் அச்சைக் கண்டால் வியப்பே மேலிடும்: குழல்கள் பிரிகின்றன, மீண்டும் கூடுகின்றன, நுனியருகே ஆற்றின் கழிமுகம்போல் பல கிளைகளாகின்றன!

மேல்தாடையின் முதற் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்கள். ஆகவே மூன்று குழல்கள் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் பாதிக்கு மேற்பட்ட பற்களில், கன்னத்தை ஒட்டிய முன்வேரில் இன்னொரு குழலும் உண்டு. அதன் வாயைப் பல்லின் திசுவே திரைபோல மூடியிருக்கும். எக்ஸ்ரே படமும் நிழலே அல்லவா? ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரு குழல்கள் அதில் ஒன்றாகவே தோன்றும். அதனால்தான் கோணத்தை மாற்றி மற்றொரு படம் எடுக்கிறார்கள். இன்று நுண்ணோக்கியும், முப்பரிமாணப் படமும் துணைபுரிகின்றன.

கீழ்த்தாடையின் இரண்டாம் கடைவாய்ப்பல் இன்னும் விந்தையானது. வேர்கள் ஒன்றோடொன்று இணைந்து, குழல்கள் ஆங்கில ‘சி’ எழுத்தைப் போல ஒரே பிளவாக வளைந்திருப்பதுண்டு. சீனர், கொரியர் முதலிய கிழக்காசிய மக்களிடம் இது மிகுதி. வட்டமான குழலுக்கென அமைந்த அரம் இந்தப் பிளவின் மூலைமுடுக்கெல்லாம் எட்டாது. அழுத்திச் சுரண்டலாமென்றால், உட்புறச் சுவர் மிக மெல்லியது, துளை விழுந்துவிடும். எனவே சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைச் செலுத்தி, கேளா ஒலியால் அதை அதிரச்செய்து, அரம் தொடாத இடத்தைக் கழுவுகிறார்கள். பிறகு கட்டாபெர்ச்சாவைச் சூட்டால் இளக்கி, பிளவு முழுவதும் பரவுமாறு நிரப்புகிறார்கள்.