நெய்தலைப் படம்பிடித்த கலைஞர்

சித்திரம் படித்து என்ன தொழில் செய்யப்போகிறாய் என்று என்னிடம் கேட்போர் பலர். சுற்றுச்சூழலுக்காகவே தமது கலையைப் பயன்படுத்தும் ஒருவரை அவர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகின்றேன். அவர் இந்தியாவின் ரவி அகர்வால்.

1958 இல் பிறந்த இவர் பொறியியல் கற்றவர். நச்சுக் கழிவுகளின் தீங்குகளை ஆராயும் 'டொக்சிக்ஸ் லிங்க்' என்னும் அமைப்பை நிறுவியவர். அதேவேளை புகைப்படக் கலைஞர். 2002 இல் ஜேர்மனியின் கசல் நகரில் நடைபெற்ற 'டொக்குமென்டா' கண்காட்சியில் தொழிலாளரைப் பற்றிய இவரது படங்கள் இடம்பெற்றன. பின்னர் தில்லியில் யமுனை நதியையும், அதன் கரையில் செவ்வந்தி பயிரிட்டு வாழ்ந்த விவசாயிகளையும் படம்பிடித்தார். ஆற்றில் எவ்வளவு நஞ்சு கலந்துள்ளது என்பதை ஆய்வறிக்கை கூறும். அதனால் யாருடைய வாழ்வு மாறுகிறது என்பதைப் படம் கூறும். இவர் இரண்டையும் செய்தார்.

2013 முதல் 2015 வரை இவர் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள மீனவக் கிராமமொன்றில் கடலையும் படகுகளையும் மீனவர் வாழ்வையும் பதிவு செய்தார். அப்போது இவருக்கு வழிகாட்டியது எமது சங்க இலக்கியத்தின் திணைக் கோட்பாடு. நிலம், தொழில், பறவை, மனித உணர்வு யாவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே திணை. அப்படியாயின் நிலம் கெட்டால் உணர்வும் கெடும் அல்லவா?

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய எமது தீவகமும் நெய்தலே. நெடுந்தீவுக்கு வருவோர் குதிரைகளையும் பவளக்கல் மதில்களையும் பெருக்கு மரத்தையும் படம்பிடித்துச் செல்கின்றனர். காலடியில் இருப்பதை எவரும் படம்பிடிப்பதில்லை. இங்கு சுண்ணக்கல்லின் உள்ளே, உவர்நீரின் மேல் நன்னீர் மெல்லிய படையாக மிதக்கின்றது. மழைநீரே அதனை நிரப்புகின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலேறிக் கிணறு கெட்டுவிடும். கோடையில் மனிதருடன் குதிரைகளும் நீரின்றித் தவிக்கின்றன. வுழூவுக்கும் நீரைச் சிக்கனமாகப் பாவிக்கக் கற்ற எமக்கு அந்நீரின் பெறுமதி தெரியும்.

சகோதரிகளே, சூழல் ஓவியம் என்றதும் நாம் நீலக் கடலையும் பச்சை மரத்தையும் மட்டுமே வரைகின்றோம். வாளியுடன் கிணற்றடியில் காத்திருக்கும் தாயும் எமது சூழல்தான். குதிரையை வரைபவர்கள் அது நீர் தேடி வரும் வற்றிய குளத்தையும் சேர்த்து வரையுங்கள்.