ஆறுமுகம் முதல் ஆரோன் வரை

நுழையும்முன்

சமயம் ஒன்று புதியதொரு நாட்டிற்கு வருகையில் அயலார் வழியாகவே வருகிறது. அந்நாட்டு மக்களுள் ஒருவர் அதனைக் கற்றுத் தம் மொழியில் பிறர்க்கு எடுத்துரைக்கும் நிலையை அடையும்போதுதான் அது மண்ணில் வேர்கொள்கிறது. அவ்வாறு சீர்திருத்தத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஒரு தமிழர். கடலூரில் பிறந்த அவருடைய வாழ்க்கையை இப்பாடம் விளக்குகிறது.

தரங்கம்பாடியின் பின்னணி

தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரின் இசைவுடன் 1620 இல் தேனியர் எனப்படும் டென்மார்க்கு நாட்டினர் தரங்கம்பாடியில் வணிகத்தளம் அமைத்தனர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய செருமானியர்களான சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அங்கு வந்திறங்கினர். சமயத்தைப் போதிக்க வேண்டுமாயின் முதலில் மக்களின் மொழியைக் கற்க வேண்டும் என்பதைச் சீகன்பால்கு உணர்ந்தார். அதனால் தமிழைப் பயின்றார், தமிழ் ஏடுகளைத் திரட்டினார், அச்சுக்கூடம் நிறுவினார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். ஆயினும், எத்துணை கற்றாலும் அவர் அயல்நாட்டாரே. ஊரின் உறவுமுறைகளையும் நடைமுறைகளையும் பிறந்தது முதல் அறிந்த ஒருவரின் துணை அப்பணிக்குத் தேவைப்பட்டது.

பெயரும் பொருளும்

கடலூரில் வணிகம் செய்துவந்த சைவ வேளாளர் குடும்பம் ஒன்றில், ஏறத்தாழ 1698 ஆம் ஆண்டில் ஆறுமுகம் பிறந்தார். முருகப்பெருமானின் பெயரைத் தாங்கி வளர்ந்த அவர், இளமையில் தரங்கம்பாடிப் பணியாளர்களின் தொடர்பைப் பெற்றார். அவர்தம் போதனையைக் கேட்டு, 1718 இல் சீகன்பால்கிடம் திருமுழுக்குப் பெற்று, ஆரோன் என்னும் பெயரை ஏற்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபது. அடுத்த ஆண்டே சீகன்பால்கு மறைந்தார்.

ஆரோன் என்பது விவிலியத்தில் வரும் பெயர். இசுரயேல் மக்களை வழிநடத்திய மோசே, தமக்குப் பேச்சுவன்மை இல்லை என்று தயங்கியபோது, அவருக்காக மக்களிடம் பேசியவர் அவருடைய தமையனார் ஆரோன். அம்மக்களின் முதல் தலைமைக் குருவும் அவரே. கடலூர் இளைஞரின் வாழ்விலும் அப்பெயரின் இருபொருளும் பின்னாளில் மெய்யாயின.

உபதேசியாரும் போதகரும்

திருமுழுக்குப் பெற்றபின் ஆரோன் கற்பித்தல் பணியிலும் உபதேசியார் பணியிலும் ஈடுபட்டார். அக்காலத் திருச்சபையில் உபதேசியார்க்கும் போதகர்க்கும் வேறுபாடு உண்டு. உபதேசியார் மறைநூலைக் கற்பிக்கலாம், நோயுற்றோரைக் கண்டு ஆறுதல் கூறலாம், இறைவேண்டல் நடத்தலாம். ஆனால், திருவிருந்து வழங்குதல் முதலிய அருட்சடங்குகளை நிறைவேற்றும் உரிமை குருப்பட்டம் பெற்ற போதகர்க்கே உரியது. அவ்வுரிமை அதுவரை ஐரோப்பியரிடம் மட்டுமே இருந்தது.

இதனால் நடைமுறைச் சிக்கல் ஒன்று எழுந்தது. தரங்கம்பாடிக்கு வெளியே தஞ்சை அரசின் ஊர்களிலும் சபையினர் பெருகினர். அவ்வரசின் எல்லைக்குள் ஐரோப்பியப் பணியாளர்கள் தம் விருப்பப்படி சென்று பணியாற்ற இயலவில்லை. தமிழராகிய உபதேசியார் செல்லலாம். எனினும் அருட்சடங்குகளை நிறைவேற்ற முடியாது. போதகர்க்கு உரிமை இருந்தது, வழி இல்லை. உபதேசியார்க்கு வழி இருந்தது, உரிமை இல்லை. இவ்விடைவெளியை நிரப்பத் தமிழர் ஒருவரே போதகராக வேண்டியிருந்தது.

குருப்பட்டம்

பதினைந்து ஆண்டுக்காலப் பணிக்குப் பின், 1733 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 28 ஆம் நாள் தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்தில் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். அவ்வாலயம் 1718 இல், அவர் திருமுழுக்குப் பெற்ற அதே ஆண்டில், வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டதாகும். அதன்பின் மாயவரம் பகுதியில் உள்ள சபைகளை அவர் பேணினார். ஊர் ஊராகச் சென்று சபையினரைச் சந்தித்தார். தம் மக்களின் மொழியிலேயே சிந்தித்துப் பேசிய போதகர் ஒருவரை அச்சிற்றூர் மக்கள் முதன்முறையாகப் பெற்றனர். பன்னிரண்டு ஆண்டுகள் போதகராகத் தொண்டாற்றிய ஆரோன் 1745 இல் மறைந்தார்.

திறவாத கதவு

ஆரோனின் வரலாற்றோடு இணைத்துக் கற்க வேண்டியது இராசநாயக்கனின் வரலாறு. தஞ்சைப் படையில் பணிபுரிந்த அவர், கத்தோலிக்கச் சபையிலிருந்து தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்தவர். தஞ்சைப் பகுதியில் எதிர்ப்புகளுக்கு இடையே உபதேசியாராக உழைத்துச் சபையை வளர்த்தவர். இரண்டாம் தமிழ்ப் போதகரைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தபோது அவர் பெயரும் எண்ணிப்பார்க்கப்பட்டது. ஆனால், அவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அவர் கையால் திருவிருந்து பெற உயர்சாதியினராகக் கருதப்பட்ட சபையினர் உடன்படமாட்டார்கள் என்று பணியாளர்கள் தயங்கினர். 1741 இல் தியோகு என்பவர்க்கே குருப்பட்டம் அளிக்கப்பட்டது. இராசநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே பணியாற்றினார்.

ஆலயத்திற்குள் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கமும் அச்சபையில் நிலவியது. சமயம் மாறியவர்கள் வழிபாட்டை மாற்றிக்கொண்டனர், பெயரை மாற்றிக்கொண்டனர், பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் எண்ணத்தை எல்லாரும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆரோனுக்குத் திறந்த கதவு இராசநாயக்கனுக்குத் திறவாமைக்கு அறிவோ ஆர்வமோ உழைப்போ காரணம் அன்று, பிறப்பே காரணமாயிற்று. ஆரோனின் சிறப்பை இது குறைப்பதன்று. எனினும், ஒருவர் அடைந்த உயர்வைப் போற்றும்போது, அதற்கு முழுத்தகுதி பெற்றிருந்தும் மறுக்கப்பட்டவரை மறவாதிருத்தல் வரலாற்றைக் கற்போரின் கடமையாகும்.

தொடர்ச்சி

1733 இல் தொடங்கிய பாதை நெடியது. இந்திய ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக, நெல்லைச் சீமையில் பிறந்த வே. ச. அசரியா 1912 இல் பொறுப்பேற்றார். தரங்கம்பாடி மரபில் வந்த தமிழ் சுவிசேச லுத்தரன் திருச்சபைக்கு இராசா மாணிக்கம் 1956 இல் முதல் இந்தியப் பேராயரானார். ஆரோன் குருப்பட்டம் பெற்றதற்கும் இதற்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தன. அயலாரிடமிருந்து கற்றல் விரைவில் கைகூடும். பொறுப்பு கைமாறுதலும் அது அனைவர்க்கும் உரியதாதலும் எளிதில் கைகூடுவன அல்ல என்பதனை இக்கால இடைவெளி உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்

1. உபதேசியார், போதகர் ஆகியோரின் பணி வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.
2. "ஆரோன் பெற்றதும் இராசநாயக்கன் பெறாததும்" என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. உங்கள் ஊரில் உள்ள பழமையான வழிபாட்டிடம் அல்லது கல்விக்கூடம் ஒன்றின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து கட்டுரையாக எழுதுக.