பாகிஸ்தானுக்கு அமெரிக்கா கொடுத்த டேக்: ஏன் யாரும் அதை எடுக்கல?

போன எபிசோடுக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தார்: "பின்லேடன் பாகிஸ்தான்லதான் இருந்தான்னு தெரிஞ்ச பிறகும் அமெரிக்கா ஏன் அவங்களைக் கூட்டாளின்னு சொல்லுது?" நல்ல கேள்வி. இன்னைக்கு அதைப் பார்ப்போம்.

முதல்ல அந்த டேக் என்னன்னு பார்க்கலாம். "நேட்டோவில் இல்லாத முக்கியக் கூட்டாளி". 2004 ஜூன்ல புஷ் அதைப் பாகிஸ்தானுக்குக் கொடுத்தார். ஏ.க்யூ. கான் அணு ரகசியங்களை வெளிநாட்டுக்கு வித்தேன்னு டிவியில ஒத்துக்கிட்டு சில மாசம்தான் ஆகியிருந்தது!

இந்த டேக் கிடைச்சா, அமெரிக்க ராணுவம் வேணாம்னு ஒதுக்குற ஆயுதங்களை வாங்குறதுல முன்னுரிமை உண்டு. கூட்டு ஆராய்ச்சிக்கு ராணுவச் சாமான்களைக் கடனா வாங்கலாம். ஆனா உங்க மேல யாராவது போர் தொடுத்தா அமெரிக்கா வந்து சண்டை போடணும்னு கட்டாயம் கிடையாது. நேட்டோவுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமே அதுதான்.

அப்புறம் 2011 மே 2. அபோதாபாத்ல, பாகிஸ்தான் ராணுவ அகாடமிக்குக் கொஞ்ச தூரத்துல, பின்லேடனைக் கொன்னாங்க. ஆப்கானிஸ்தான்ல அமெரிக்கப் படையைத் தாக்கிட்டிருந்த ஹக்கானி குழுவுக்குப் பாகிஸ்தான்ல அடைக்கலம் இருக்குன்னு அமெரிக்க அதிகாரிகளே வெளிப்படையா சொன்னாங்க.

சரி, டேக்கை எடுக்குறது கஷ்டமா? இல்லவே இல்ல. 30 நாளுக்கு முன்னாடி அதிபர் காங்கிரஸுக்கு எழுத்துல சொல்லணும், அவ்வளவுதான். அவர் செய்யலன்னா காங்கிரஸே சட்டம் போடலாம். 2017ல டெட் போ, ரிக் நோலன்னு ரெண்டு கட்சியிலிருந்தும் ஆளுக்கொருத்தர் சேர்ந்து மசோதா கொண்டுவந்தாங்க. 2019ல ஆண்டி பிக்ஸ் கொண்டுவந்தார், அப்புறமும் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். ஒண்ணும் நிறைவேறல.

காரணத்தைத் தெரிஞ்சுக்க மேப்பைத் திறந்து பாருங்க. ஆப்கானிஸ்தானுக்குக் கடலே கிடையாது. அமெரிக்கப் படைக்கு வேண்டிய சரக்கு கராச்சி துறைமுகத்துல இறங்கி, லாரியில தோர்க்கம், சமன் வழியா எல்லை தாண்ட வேண்டியிருந்தது. 2011 நவம்பர்ல சலாலாவுல நேட்டோ தாக்குதல்ல 24 பாகிஸ்தான் வீரர்கள் செத்தாங்க. உடனே பாகிஸ்தான் அந்தப் பாதையை மூடிடுச்சு. ஏழு மாசம்! சரக்கை வடக்கே மத்திய ஆசியா வழியா சுத்திக் கொண்டுபோனதுல செலவு எகிறிடுச்சு. பாதை அவங்க கையில இருக்குறவரைக்கும் டேக்கைத் தொட வாஷிங்டனுக்குத் தைரியம் வரல.

இன்னொரு காரணமும் இருக்குன்னு எனக்குத் தோணுது. 2018 ஜனவரியில டிரம்ப் பாதுகாப்பு உதவியை நிறுத்தினார். செப்டம்பர்ல பென்டகன் 30 கோடி டாலரை ரத்து பண்ணுச்சு. டேக் அப்படியே இருந்தது. அதாவது, டேக்கைத் தொடாமலே அடிக்க வேண்டிய இடத்துல அடிக்க முடிஞ்சது. டேக்கை எடுத்துட்டா, "எடுத்துடுவோம்"னு மிரட்ட ஒண்ணும் மிச்சம் இருக்காது. (எங்க ஆபீஸ் கோடுலயும் இப்படி ஒரு பழைய ஃப்ளாக் இருக்கு. யாருக்கும் பிடிக்காது, யாரும் டெலீட் பண்ண மாட்டாங்க.) 2022 செப்டம்பர்ல அதே பாகிஸ்தானோட எஃப்-16 விமானங்களைப் பராமரிக்க 45 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு பைடன் அரசு ஓகே சொன்னது. இந்தியா கடுப்பானது.

அதே மாசம் ஒரு நாட்டோட டேக்கை பைடன் நிஜமாவே எடுத்தார். பாகிஸ்தானோடது இல்ல, ஆப்கானிஸ்தானோடது. 2012ல கொடுத்தது. தாலிபான் காபூலைப் பிடிச்சு 13 மாசம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் அந்த நாடு லிஸ்ட்லயேதான் இருந்தது.