எச்-1பி விசாவும் துப்பாக்கியும்

நவி மும்பையின் சான்பாடாவிலிருந்து அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன தமிழ்ப் பிள்ளைகள் பலர். டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ வீடு பிடித்த கையோடு அவர்களை அசர வைக்கும் காட்சி ஒன்று உண்டு: பால், முட்டை வாங்கப் போகும் அதே வால்மார்ட்டில் வேட்டைத் துப்பாக்கியும் விற்பனைக்கு இருக்கும். இவ்வளவு சுலபமாக விற்கிறார்களே, பாதுகாப்புக்கு நாமும் ஒன்று வாங்கி வைத்தால் என்ன என்று தோன்றும்.

வாங்கக் கூடாது. எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு அதுதான் பொது விதி.

1968-ம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 1998-ல் ஒரு தடையைச் சேர்த்தார்கள். நிரந்தரக் குடியேற்றத்துக்கு அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. எச்-1பி ஊழியர், எச்-4 விசாவில் இருக்கும் அவர் மனைவி, எஃப்-1 மாணவர் எல்லாரும் இதற்குள் வருகிறார்கள். பத்து வருடம் வரி கட்டியிருந்தாலும், சொந்த வீடே வாங்கியிருந்தாலும் நிலைமை மாறாது. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை போய்விடும். ஆனால் அந்த வரிசையில் இந்தியர்கள் எத்தனை வருடம் நிற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் இந்த விதி நம்மவர்களை இவ்வளவு தொடுகிறது.

கடையில் நடப்பது இது. 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நீட்டுவார்கள். எந்த நாட்டுக் குடிமகன், குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவரா, வந்தவரென்றால் விதிவிலக்கு ஏதாவது பொருந்துமா என்று அதில் வரிசையாகக் கேள்விகள் இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு பின்னணிச் சோதனை நடக்கும். படிவத்தில் பொய் எழுதுவது தனிக் குற்றம். தடையை மீறித் துப்பாக்கி வைத்திருந்தால், 2022-ல் திருத்திய சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை. நாடு கடத்தலும் சேர்ந்து வரலாம்.

அந்த விதிவிலக்குகளில் சாதாரண ஆளுக்குப் பயன்படுவது ஒன்றுதான்: அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ். மாநில வனவிலங்குத் துறை கட்டணம் வாங்கிக்கொண்டு தருகிறது. பல மாநிலங்களில் அதற்கு முன் பாதுகாப்பு வகுப்பு ஒன்றை முடிக்க வேண்டும். லைசென்ஸ் கிடைத்ததோடு வேலை முடியவில்லை. அதைப் புதுப்பிக்க மறந்தால், அலமாரியில் பூட்டி வைத்த துப்பாக்கியே மறுநாள் குற்றப் பொருளாகிவிடும். நியூயார்க் போன்ற மாநிலங்களில் கைத்துப்பாக்கிக்கு மாநிலத்தின் தனி அனுமதியும் வேண்டும்.

வாங்கத்தானே தடை, நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பார்க்கலாமே என்று நினைப்பவர்கள் ரெஹைஃப் வழக்கைப் படிக்க வேண்டும். மாணவர் விசாவில் வந்தவர் ரெஹைஃப். மதிப்பெண் குறைந்ததால் பல்கலைக்கழகம் நீக்கிவிட, விசா உரிமையையும் இழந்தார். ஃப்ளோரிடாவில் ஒரு ரேஞ்சில் துப்பாக்கி சுட்டதற்காக, சட்டவிரோதமாகத் தங்கியவர் என்ற கணக்கில் அவர்மேல் வழக்கு வந்தது. 18 மாதத் தண்டனையும் கிடைத்தது. தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் ரேஞ்சில் கையில் எடுப்பதும் வைத்திருப்பதுதான் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. வேட்டை லைசென்ஸ் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

சுவிட்சர்லாந்தில் உள்ள ஈழத்தமிழர்களின் கதை இன்னும் கடினம். அந்நாட்டின் 2008-ம் ஆண்டு ஆயுத விதிமுறை, ஆயுதம் வாங்கவே கூடாத சில நாட்டவரைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. இலங்கையர் அதில் இருக்கிறார்கள். விளையாட்டு, வேட்டை போன்ற காரணங்களுக்கு மாநில அதிகாரிகள் விலக்குத் தரலாம். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையையும் இலங்கைப் பாஸ்போர்ட் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளி நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஊர் திரும்பும்போது வெளிநாட்டு லைசென்ஸ் இங்கே இந்தியாவில் செல்லாது. நம் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி சான்பாடாவாசிக்கு லைசென்ஸ் தர வேண்டியவர் நவி மும்பை போலீஸ் கமிஷனர். துப்பாக்கியைக் கப்பலேற்றும் முன்பே அந்த லைசென்ஸையும் சுங்க விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கியே இல்லாதவர் மாட்டுவது தோட்டாவில். ரேஞ்சுக்கு எடுத்துப்போன முதுகுப்பையின் அடியில் ஒரே ஒரு தோட்டா கிடக்கும். லீவு முடிந்து அமெரிக்கா திரும்பும் நாளில் மும்பை விமான நிலைய ஸ்கேனர் அதைக் காட்டிக்கொடுக்கும். லைசென்ஸ் இல்லாத தோட்டாவும் ஆயுதச் சட்டக் குற்றமே. பொருள் இருப்பது தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று நம் உச்ச நீதிமன்றம் 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் சொன்னது. அதை வைத்து உயர் நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட வழக்குகளை ரத்து செய்ததும் உண்டு. ஆனால் அதுவரை எஃப்.ஐ.ஆர்., ஜாமீன், வக்கீல் என்று அலைய வேண்டும். விமானம் போய்விடும், வேலையும் ஆட்டம் காணும். ரேஞ்சுக்கென்று ஒரு பையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை ஊருக்கு வரும்போது எடுத்து வராதீர்கள்.